தங்கச்சிமடத்திலிருந்து ஓவிய வகுப்புக்கு எங்கே போவது?

கேள்வி: மகள் தங்கச்சிமடம் பக்கத்தில் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், வயது 14. நோட்டு, சுவர் என்று கை வைக்கிற இடமெல்லாம் படம்தான். பள்ளியில் ஓவிய வகுப்பு பேருக்குத்தான். அந்த நேரத்தில் கணக்கு நடக்கிறது. இங்கே ஒரு வீட்டில் சனி, ஞாயிறு வகுப்பு நடக்கிறது, மாதம் 500 ரூபாய். மூன்று மாதமாக மலை, சூரியன், தென்னைமரம்தான் வரைந்துகொண்டிருக்கிறாள். இவள் வயதுப் பிள்ளைகளுக்கு வேறு எங்கே வகுப்பு உண்டு? ஓவியக் கல்லூரிக்குப் போக பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுக்க வேண்டும்? ‘படம் வரைந்தால் சோறு கிடைக்குமா’ என்கிறான் என் தம்பி. வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். அதிகம் செலவழிக்க முடியாது. சின்னவன் ஆறாம் வகுப்பு, அவனும் வரைவான்.

பதில்: அம்மா, குரூப் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். ஓவியம், சிற்பம் படிக்கிற பி.எஃப்.ஏ. பட்டப்படிப்புக்கு எந்த குரூப்பும் சரிதான். சயின்ஸ் குரூப் எடுத்தால்தான் சீட் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்: வீடு, கட்டடம் வடிவமைக்கும் ஆர்க்கிடெக்சர் பக்கம் அவளுக்கு ஆசை இருந்தால் பிளஸ் ஒன்னில் கணிதமும் இயற்பியலும் கட்டாயம் வேண்டும், ‘நாட்டா’ போன்ற ஒரு நுழைவுத்தேர்வும் எழுத வேண்டும். அந்த ஆசை இல்லையென்றால் அவளுக்குச் சுமையில்லாத குரூப்பாக எடுக்கட்டும். வரைவதற்கு நேரம் மிஞ்ச வேண்டும் அல்லவா!

இனி பள்ளி. 2012-ல் அரசுப் பள்ளிகளில் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். ஓவியம், தையல், உடற்கல்வி எல்லாம் அதில் வந்தன. ஆனால் அந்த ஏற்பாடு ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். நிரந்தர ஓவிய ஆசிரியர் இல்லாத பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் படம் வரைகிற பிள்ளை தனியாகிவிடுவது இதனால்தான். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வேறு எதிரே நிற்கிறது, தலைமை ஆசிரியரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அவரிடம் இரண்டே இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, பள்ளியிலோ பக்கத்துப் பள்ளியிலோ ஓவிய ஆசிரியர் இருந்தால், மகளின் படங்களை மாதம் ஒருமுறை அவர் பார்த்துச் சொல்ல ஏற்பாடு செய்ய முடியுமா என்று. இன்னொன்று, கலைத் திருவிழாவுக்கு அவள் பெயரைக் கொடுக்கச் சொல்லி. 2022-23 கல்வியாண்டிலிருந்து நடக்கிற இந்தப் போட்டிகளில் ஓவியமும் உண்டு. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகும். பரிசு வந்தால் நல்லது. வராவிட்டாலும் மாவட்டத்தின் மற்ற பிள்ளைகள் எப்படி வரைகிறார்கள் என்று நேரில் பார்ப்பாளே, அது அவளுக்குப் பெரிய படிப்பு.

வெளியே என்று பார்த்தால், முதலில் விசாரிக்க வேண்டியது ஜவகர் சிறுவர் மன்றம். அரசின் கலை பண்பாட்டுத் துறையின் கீழ் மாவட்டங்களில் நடத்துகிறார்கள். ஓவியம், பாட்டு, நடனம் எல்லாம் 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு. தனியார் வகுப்போடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. உங்கள் மகளுக்கு இன்னும் இரண்டு வருடம்தான் அந்த வாய்ப்பு, ஆகவே தள்ளிப்போட வேண்டாம். ஆனால் தங்கச்சிமடத்திலிருந்து மாவட்டத் தலைநகரான ராமநாதபுரம் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பள்ளி பஸ் பாஸ் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையில்தான் செல்லும், பெண்களுக்கான இலவசப் பயணம் டவுன் பஸ்ஸில்தான். வாராவாரம் டிக்கெட் எடுத்துப் போய்வருவது உங்களுக்குக் கட்டாது. எந்த நாளில், எந்த நேரத்தில் ஓவிய வகுப்பு என்று முதலில் போனில் கேட்டுக்கொண்டு, மாதம் இரண்டு முறை போய்வர ஆசிரியரிடம் அனுமதி கேளுங்கள். தூரத்துப் பிள்ளை என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

அடுத்தது அரசுத் தொழில்நுட்பத் தேர்வு. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகிறது. ஓவியத்தில் ஃப்ரீஹேண்ட் அவுட்லைன் (கையால் போடும் கோட்டு வடிவம்), மாடல் டிராயிங் (பொருளைப் பார்த்து வரைவது) என்று தனித்தனித் தாள்கள், லோயர் நிலை முடித்துவிட்டு ஹையர் நிலை. ஓவிய ஆசிரியர் வேலைக்கு இந்தச் சான்றிதழ்கள் அடிப்படை. வேலையை விடுங்கள், மாடல் டிராயிங்குக்குத் தயாராகிற பிள்ளை வாளி, செங்கல், குடம் என்று எதிரில் வைத்ததைப் பார்த்து வரையப் பழகிவிடும். எனக்கு அதற்காகவே இந்தத் தேர்வு பிடிக்கும். பழைய பாணி என்று சிலர் ஒதுக்குவார்கள், ஒதுக்கட்டும்.

இப்போது அந்த 500 ரூபாய் வகுப்பு. நிறுத்துங்கள் என்று உடனே சொல்லிவிட மாட்டேன். ஒரு சனிக்கிழமை நீங்களே போய், ஒரே வாரத்தில் நாலைந்து பிள்ளைகள் வரைந்த தாள்களை வாங்கிப் பாருங்கள். எல்லாத் தாளிலும் அதே மலை, அதே சூரியன், அதே இடத்தில் அதே தென்னை என்றால் அங்கே நடப்பது நகலெடுப்பு. ஆசிரியர் பிள்ளையின் தாளிலேயே தன் கையால் திருத்தி அழகாக்கித் தருகிறாரா என்றும் கவனியுங்கள். வீட்டுக்கு வரும் படம் அழகாக இருக்கும், பிள்ளையின் கை அப்படியே இருக்கும். ‘எதிரில் பொருளை வைத்து வரையச் சொல்வீர்களா?’ என்று கேட்டுப் பாருங்கள். சரி என்றால் தொடரலாம். தயங்கினால் அந்தப் பணத்தைத் தாளுக்கும் பென்சிலுக்கும் போடுங்கள்.

உங்கள் ஊர் இருக்கிற ராமேஸ்வரம் தீவில் மலை எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. கந்தமாதன பர்வதம் என்கிற மணல்மேட்டை விட்டால் வேறு கிடையாது! வரையப் பழக உங்கள் ஊரைப் போல வாய்ப்பான இடம் தமிழ்நாட்டில் அதிகமில்லை. ராமநாதசுவாமி கோயிலின் மூன்றாம் பிரகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நெடுக ஓடும் அந்தத் தூண் வரிசையைப் பார்க்க எங்கிருந்தோ வருகிறார்கள். தொலைவு போகப் போக உருவம் எப்படிச் சிறுக்கும் என்பதை அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் பிடித்துவிடலாம். கைப்பேசி உள்ளே கொண்டுபோக முடியாது, அதுவும் நல்லதுக்குத்தான். கோயில் ஊழியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, கூட்டம் குறைந்த நேரத்தில் உட்காரட்டும்.

பிள்ளைகள் அங்கே செய்கிற தவறு ஒன்றுதான்: தூண்களைச் சிறிதாக்கிக்கொண்டே போவார்கள், இடைவெளியை மட்டும் ஒரே அளவில் விடுவார்கள். அதற்கு வழி இருக்கிறது. தன் கண் உயரத்தில் தாளில் ஒரு படுக்கைக் கோடு போட்டு, தூண் வரிசை போய்ச் சேர்கிற புள்ளியை அதில் வைக்கட்டும். அருகிலுள்ள தூணை முழு உயரத்துக்கு வரைந்து, அதன் தலை, நடு, அடி மூன்றிலிருந்தும் அந்தப் புள்ளிக்கு மூன்று மெல்லிய கோடுகள். இரண்டாம் தூணைக் கண்ணால் அளந்து நிறுத்த வேண்டும். பிறகு முதல் தூணின் தலையிலிருந்து, இரண்டாம் தூணின் நடுப்புள்ளி வழியாக ஒரு சாய்கோடு இழுத்தால், அது அடிக்கோட்டைத் தொடுகிற இடத்தில் மூன்றாம் தூண் வரும். இரண்டின் தலையிலிருந்து மூன்றின் நடு வழியாக இழுத்தால் நான்காவது. இதே கணக்கைப் பாம்பன் கரையில் நின்று ரயில் பாலத்தின் தூண்களில் போட்டுப் பார்க்கட்டும். 1914-ல் திறந்த பழைய பாலத்தில் நடுவில் இரண்டு கைகளாகப் பிரிந்து தூக்கிய பகுதி, 2025-ல் திறந்த புதியதில் நேர் மேலே எழும்பும் பகுதி. இரண்டையும் அடுத்தடுத்து வரைந்தாலே வடிவமைப்பு என்றால் என்ன என்று ஒரு பாடம் ஆகிவிடும்.

படகு வரைவதற்கு உங்கள் வீட்டு நிலவரமே நேரம் ஒதுக்கித் தருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வருமானம் இல்லாத மாதங்கள், தெரியும். ஆனால் பள்ளிக்கும் அப்போதுதான் விடுமுறை, விசைப்படகுகள் கரையேறி மராமத்தும் பெயின்டும் நடக்கும், படகு அசையாமல் நிற்கும். பக்கவாட்டிலிருந்து பிறை மாதிரி வரைவது எல்லாருக்கும் வரும். படகுக்கு எதிரே கொஞ்சம் சாய்வாக உட்கார்ந்து வரையச் சொல்லுங்கள், அங்கேதான் கை திணறும். முதலில் படகு அடங்குகிற மாதிரி ஒரு நீளப் பெட்டி, அதன் மேல்முகத்தில் நீளவாக்கில் ஒரு நடுக்கோடு, அந்தக் கோட்டின் முனையில் அணியம், அதாவது படகின் முன்முனை. அப்புறம் இரண்டு பக்க விளிம்புகளையும் வளைத்துக்கொண்டுவந்தால், அந்தப் பக்க வளைவு இந்தப் பக்கத்தைவிட எவ்வளவு சுருங்கித் தெரிகிறது என்று அவளே கண்டுபிடிப்பாள். அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளட்டும். படகின் உடம்பு தெரிந்தவர் அவர், பலகை எங்கே தப்பாக வளைகிறது என்று எந்த ஓவிய ஆசிரியரைவிடவும் சரியாகச் சொல்லிவிடுவார்.

ராமநாதபுரம் போகும் நாளில் அரண்மனையின் ராமலிங்க விலாசத்துக்கும் கூட்டிப்போங்கள். 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துவிஜய ரகுநாத சேதுபதி காலத்தில் தீட்டிய சுவரோவியங்கள் அங்கே இருக்கின்றன. ராமாயணக் காட்சிகள், தஞ்சை மராத்தியரோடு நடந்த போர், மன்னர் ஐரோப்பியரை வரவேற்பது என்று ஒவ்வொரு சுவரும் ஒரு கதை. கூட்டத்தை எப்படி நிறுத்தியிருக்கிறார்கள், முக்கியமான ஆளை எப்படிப் பெரிதாகக் காட்டியிருக்கிறார்கள் என்று சின்னச் சின்னக் குறிப்புப் படங்கள் எடுக்கட்டும். கீழக்கரை பக்கம் சொந்தக்காரர் இருந்தால் பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல் தூண்களையும் அனுமதி கேட்டுப் பார்க்கட்டும். உருவமே இல்லாமல் பூவும் கொடியும் கோணமுமாகச் செதுக்கியது. துணி வடிவமைப்பு படிக்கப் போகிற பிள்ளைக்கு அங்கே நிறைய இருக்கிறது.

சாமான் அதிகம் வேண்டாம். எச்.பி., 2பி, 6பி பென்சில் ஒவ்வொன்று, படம் வரைகிற தடித்த கார்ட்ரிட்ஜ் தாள், கிளிப் போட ஒரு அட்டை. பயிற்சிக்கு ஒருபக்கம் அச்சான பழைய தாளே போதும். உங்கள் கரையில் காற்று ஈரம், உப்பு. தாளைத் திறந்து வைத்தால் நமுத்துப்போய்ப் பென்சில் ஓடாது, வண்ணம் பூசினால் திட்டுத்திட்டாகப் படியும், மழைக்காலத்தில் பூஞ்சையும் வரும். பாலிதீன் உறையில் போட்டு, தரையில் வைக்காமல் மேலே வையுங்கள். கலர் பெட்டி கேட்டு அழுதாலும் ஒரு வருடம் பொறுக்கச் சொல்லுங்கள்.

கல்லூரிகள் என்றால், 1850-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரி. ஓவியம், சிற்பம், அச்சுக்கலை, துணி வடிவமைப்பு, செராமிக், காட்சித் தொடர்பு வடிவமைப்பு எல்லாம் அங்கே உண்டு. உங்களுக்குக் கொஞ்சம் பக்கம் என்று பார்த்தால் கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரி. மரபுச் சிற்பம், மரபு ஓவியம், கோயில் கட்டடக்கலை என்றால் மாமல்லபுரத்தில் 1957 முதல் இயங்கும் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி. மூன்றும் அரசுக் கல்லூரிகள், கட்டணம் உங்களைப் பயமுறுத்தாது. கவின்கலைக் கல்லூரிச் சேர்க்கையில் நேரில் உட்கார வைத்து வரையச் சொல்லும் தேர்வுதான் ஆளைப் பிரிக்கும். கைப்பேசியில் பார்த்து நகலெடுத்த நடிகர் படங்கள் எத்தனை அடுக்கி வைத்திருந்தாலும் அந்த அறையில் உதவாது. நான் தூணையும் படகையும் இவ்வளவு நேரம் பேசியது அதற்காகத்தான்.

தம்பி கேட்டது நியாயமான கேள்வி. அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர் வேலையை மட்டும் நம்பிப் படிக்க வைக்காதீர்கள். 2017-ல் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி எல்லாம் சேர்த்தே 1,325 சிறப்பாசிரியர் இடங்களுக்குத்தான் தேர்வு வைத்தார்கள். விளம்பரம், அனிமேஷன், செயலி வடிவமைப்பு, துணி, நகை, பாடநூல் படங்கள் என்று கைக்கு வேலை இருக்கிற இடம் வேறு. அதில் பெரும்பகுதி சென்னை, கோயம்புத்தூர், பெங்களூருவில். பிள்ளை ஊரைவிட்டுப் போக வேண்டியிருக்கும் என்பதை வீட்டில் இப்போதே பேசிக்கொள்வது நல்லது.

சின்னவனுக்கு ஒரு வழி இருக்கிறது. மத்திய அரசின் கலாச்சார வளங்கள், பயிற்சி மையமான சி.சி.ஆர்.டி. நிறுவனம் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குக் கலைத்திறன் உதவித்தொகை தருகிறது, ஓவியமும் அதில் சேர்த்தி. வருடம் 3,600 ரூபாய், ஆசிரியருக்குக் கொடுக்கும் கட்டணத்தில் 9,000 ரூபாய் வரை தனியாக. முறையாக ஒரு ஆசிரியரிடம் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். மகளுக்கு வயது தாண்டிக்கொண்டிருக்கிறது, அவனுக்கு நிறைய நேரம் இருக்கிறது. அடுத்த அறிவிப்பு வரும்போது பள்ளி வழியாக விண்ணப்பியுங்கள்.

மகளைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை. ஓவியம் நன்றாகச் சொல்லித்தருகிறார்கள் என்று யாராவது தனியார் பள்ளியைக் காட்டினால், பிளஸ் ஒன்னுக்கு அங்கே மாற்றிவிடாதீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குத்தான் புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரிக் காலம் முழுக்க மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இப்போது உண்டு. சென்னையிலோ கும்பகோணத்திலோ தாளுக்கும் வண்ணத்துக்கும் அந்தப் பணம் தேவைப்படும்.