மூன்று மொழி, ஒரே கேள்வித்தாள்: நலவாழ்வு, கல்வி ஆய்வாளர்களுக்கான கேள்வி பதில்

பல மொழி பேசும் மக்களிடம் உடல்நலம் பற்றியோ பிள்ளைகளின் படிப்பைப் பற்றியோ ஆய்வு செய்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை. ஒரே மாதிரி இருந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (பொதுச் சுகாதார முதுகலை மாணவி): ஆங்கிலக் கேள்வித்தாளை மூன்று மொழிகளுக்குக் கொண்டுபோகிறேன். மொழிபெயர்த்ததைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்த்தால் போதும் என்கிறார் வழிகாட்டி. போதுமா?

போதாது. இப்படித் திருப்பிப் பெயர்த்துப் பார்ப்பதுதான் பின்மொழிபெயர்ப்பு, 1970இல் உளவியலாளர் பிரிஸ்லின் எழுதிய கட்டுரையால் பரவலான முறை. விட்டுப்போன வாக்கியம், மாறிப்போன எண், தலைகீழான எதிர்மறை இவற்றையெல்லாம் அது பிடித்துக் கொடுக்கும். சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் யாருக்கும் புரியாமல் போன கேள்வியை மட்டும் அது பிடிக்காது. ஆங்கிலத்தில் மனம் வாடியிருப்பதை 'நீலமாக உணர்தல்' என்பார்கள். அதைத் தமிழில் அப்படியே எழுதித் திருப்பிப் பெயர்த்தால் மூலம் அச்சு பிசகாமல் வந்து நிற்கும். குழுவும் 'பிரமாதம்' என்று கையெழுத்துப் போடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. இயல்பாக எழுதிய நல்ல மொழிபெயர்ப்பு திரும்பும்போது மூலத்தோடு ஒட்டாது. 'திருத்துங்கள்' என்பார்கள், நீங்களும் திருத்திக் கெடுத்துவிடுவீர்கள்.

ஐரோப்பியச் சமூகக் கணக்கெடுப்பு பின்பற்றும் வழி இதைவிட நல்லது. இருவர் தனித்தனியே மொழிபெயர்க்க வேண்டும். பிறகு அந்த இருவரும், துறை தெரிந்த ஒருவரும் வரிவரியாக உட்கார்ந்து பேச வேண்டும். உடன்பாடு வராத இடங்களில் முடிவுசெய்ய ஒருவரை முன்கூட்டியே குறித்துவிடுங்கள். அதன்பின் களத்தில் சோதனை. ஒவ்வொரு முடிவையும் எழுதிவைக்க வேண்டும். களப்பணி தெரிந்த ஒருவரையும் அந்த உட்காரலில் சேர்ப்பேன். எந்தக் கேள்வியில் மக்கள் முகம் சுளிப்பார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

அந்த முடிவுகளை எழுதிவைக்கும் அட்டவணையில் மூலம், முதல் மொழிபெயர்ப்பு, இரண்டாவது, இறுதி வடிவம், காரணம் என்று பத்திகள் இருக்கும். மூலத்துக்குப் பக்கத்தில் 'இந்தக் கேள்வி எதை அளக்க வந்தது' என்று ஒரு பத்தி சேருங்கள். அது காலியாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் சொல்லைத்தான் பெயர்ப்பார், கேள்வியைப் பெயர்க்க மாட்டார். பின்மொழிபெயர்ப்பை ஒப்புதல் படிவத்துக்கும், மருந்தளவு போல எண் வரும் கேள்விகளுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: களச் சோதனை என்றால் முப்பது பேரிடம் நிரப்பிப் பார்ப்பதா?

அது இரண்டாம் கட்டம். முதலில் மொழிக்கு எட்டுப் பத்துப் பேரிடம் கேள்வி கேள்வியாக உட்கார்ந்து பேச வேண்டும். திருத்திய பிறகு புதிதாக இன்னொரு எட்டுப் பத்துப் பேர். படித்தவர்களை மட்டும் பிடித்தால் பயனில்லை. வயதானவர்கள், பள்ளிக்கே போகாதவர்கள் கட்டாயம் வேண்டும்.

'புரிந்ததா?' என்று கேட்காதீர்கள். எல்லோரும் 'புரிந்தது' என்றுதான் சொல்வார்கள். 'இதை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்', 'அடிக்கடி என்றால் எத்தனை தடவையை நினைத்துச் சொன்னீர்கள்?', 'இரண்டு வாரம் என்றதும் எந்த நாளிலிருந்து எண்ணினீர்கள்?' என்று கேளுங்கள். பதில் சொல்கிறவர் நான்கு படி தாண்டுகிறார்: கேள்வி புரிய வேண்டும், நினைவுக்கு வர வேண்டும், எடைபோட வேண்டும், உங்கள் கட்டத்துக்குள் பதிலைப் பொருத்த வேண்டும். எந்தப் படியில் தடுக்குகிறது என்று குறித்தால்தான் எதைத் திருத்துவது என்று தெரியும்.

தமிழில் அடிக்கடி இடறும் இடங்கள் இரண்டு. முதலாவது எதிர்மறைக் கேள்வி. 'மாத்திரையைத் தவறவிடவில்லையா?' என்றால் 'ஆமாம்' என்பார்கள். தவறவிடவில்லை என்று பொருள். ஆங்கில வழக்கப்படி கணினியில் கட்டம் அமைத்தவர் அதை 'தவறவிட்டார்' என்று பதிவார். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிற ஆள் சாப்பிடாதவராகிவிடுவார். எதிர்மறைக் கேள்வியே வேண்டாம். 'எத்தனை நாள் தவறியது?' என்று எண்ணாகக் கேளுங்கள். இரண்டாவது நாம், நாங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். 'நம் பள்ளி' என்றால் கேட்கிறவரும் உள்ளே வருகிறார், 'எங்கள் பள்ளி' என்றால் அவர் வெளியே. பள்ளியோடு ஒட்டுதலை அளக்கும் கேள்வியில் இது சின்ன விஷயமில்லை.

கேள்வி: எங்கள் ஆய்வில் தமிழ் ஒன்றுதான். அதற்கு ஒரே வடிவம் போதும்தானே?

இலங்கையில் 'வயிற்றோட்டம்' என்றால் உடனே புரியும். தமிழ்நாட்டில் படிவத்தில் 'வயிற்றுப்போக்கு' என்று இருக்கும், வாய்ப்பேச்சில் 'பேதி' வரும். பேதி மருந்து சாப்பிட்டுத் தானே வரவழைத்துக்கொண்டவரும் 'பேதியாச்சு' என்றுதான் சொல்வார். ஈழத்தில் தடிமன், இங்கே சளி. ஆகவே நோயின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், விவரித்துக் கேளுங்கள். 24 மணி நேரத்தில் மூன்று தடவை அல்லது அதற்கு மேல் இளகியோ தண்ணீராகவோ போவது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதையே கேள்வியாக்கி, ஊர்ச் சொற்களை அடியில் துணைக்கு வையுங்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இளகிப் போவதே இயல்பு. அங்கே 'வழக்கத்தைவிட' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும்.

எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள தூரம் அடுத்த சிக்கல். படிவத்தில் செந்தமிழ் இருந்தால் கேட்பவர் வாயில் ஆளுக்கொரு விதமாகப் பேச்சுத் தமிழாகும். பத்துக் களப்பணியாளர்கள் இருந்தால் பத்துக் கேள்வித்தாள். பேச்சு வடிவத்தையே அச்சடித்துக் கொடுத்து, அதை மட்டும் வாசிக்கப் பயிற்சி கொடுங்கள். அச்சில் அது கொச்சையாகத் தெரியலாம். தெரிந்தால் தெரியட்டும்.

கேள்வி (உளநல ஆய்வு மாணவர்): பிஎச்க்யூ-9 மதிப்பெண் ஒரு மொழிக் குழுவில் மூன்று புள்ளி கூடுதலாக வருகிறது. அவர்களுக்கு மனச்சோர்வு அதிகம் என்று எழுதலாமா?

இப்போதே எழுத வேண்டாம். பிஎச்க்யூ-9 மனச்சோர்வை அளக்கும் படிவம். ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டியவர் என்பது வழக்கமான வெட்டுப்புள்ளி. அந்த மூன்று புள்ளிக்கு நான்கு காரணம் இருக்கலாம்: நோய், மொழிபெயர்ப்பு, வேதனையைச் சொல்லும் பழக்கம், கேட்ட ஆள்.

கடைசியிலிருந்து தொடங்குங்கள். ஒரு மொழிக்கு ஒரே களப்பணியாளர் என்றால், அவரால் வந்த வேறுபாட்டையும் மொழியால் வந்த வேறுபாட்டையும் எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது. மொழிக்குக் குறைந்தது மூன்று நான்கு பேர் வேண்டும். இரு மொழியும் சரளமாகத் தெரிந்த களப்பணியாளர் இருந்தால் அவரை இரண்டு மொழிக்காரர்களிடமும் அனுப்புங்கள்.

அடுத்து, கேள்விகள் எல்லா மொழியிலும் ஒரே அளவுகோலாக நடக்கின்றனவா என்ற சோதனை. கேள்விகள் சேர்ந்து ஒரே பண்பை அளக்கின்றனவா என்று பார்க்கும் புள்ளியியல் முறையான உறுதிசெய்யும் காரணிப் பகுப்பாய்வில் இதற்கு மூன்று படி. ஒரே அமைப்பு பொருந்துகிறதா, காரணிச் சுமைகள் (ஒவ்வொரு கேள்வியும் அந்தப் பண்போடு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பது) சமமா, வெட்டுத்துண்டுகள் (ஒவ்வொரு கேள்வியின் தொடக்க மட்டம்) சமமா. ஒவ்வொரு படியிலும் சிஎஃப்ஐ என்ற பொருத்த அளவு 0.01க்கு மேல் சரியக் கூடாது என்பது பலர் பின்பற்றும் வரம்பு. மூன்றாம் படி தேறாமல் சராசரிகளை ஒப்பிடுவது செல்சியஸையும் ஃபாரன்ஹீட்டையும் பக்கத்தில் வைத்து எங்கே வெயில் அதிகம் என்று கேட்பது போல. குழுவுக்கு இருநூறு பேராவது இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். பெரும்பாலும் சிக்குவது தூக்கம், களைப்பு, பசி பற்றிய கேள்விகள். வேதனையை உடம்பின் வழியாகச் சொல்லும் பேச்சு வழக்கு உள்ள குழு அவற்றில் ஏறி நிற்கும். சிக்கிய ஓரிரு கேள்விகளுக்கு மட்டும் 'சமமாக இருக்க வேண்டும்' என்ற நிபந்தனையைத் தளர்த்திவிட்டு மற்றவற்றை வைத்து ஒப்பிடலாம். பாதிக்கு மேல் சிக்கினால் ஒப்பீட்டையே கைவிடுவது நல்லது.

இருமொழியாளர்கள் போதுமான அளவு இருந்தால் இன்னொரு சோதனை உண்டு. சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்கு ஒரு மொழியிலும் மீதிப் பேருக்கு மற்ற மொழியிலும் கொடுங்கள். அங்கேயும் மூன்று புள்ளி வந்தால் குற்றவாளி கேள்வித்தாள்தான். ஆனால் இருமொழியாளர் ஒரு மொழி மட்டும் தெரிந்தவரின் பிரதிநிதி ஆகமாட்டார் என்பதையும் எழுதுங்கள்.

வெட்டுப்புள்ளியையும் கடன் வாங்காதீர்கள். ஒரு பகுதிப் பேரை, மதிப்பெண் தெரியாத மருத்துவர் அவர்கள் மொழியிலேயே நேர்காணல் செய்து, அதோடு ஒப்பிட்டுப் புள்ளியை வகுக்க வேண்டும். ஜிம்பாப்வேயில் ஆய்வாளர்கள் உள்ளூர்ப் பேச்சிலிருந்தே தொடங்கினார்கள். ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா', அதாவது அளவுக்கு மிஞ்சி யோசிப்பது, என்று மக்கள் சொல்லும் வேதனையிலிருந்து 14 கேள்வி கொண்ட ஷோனா படிவம் பிறந்தது. மொழிபெயர்ப்பதா, புதிதாக ஆக்குவதா என்ற முடிவு முதல் மாதத்திலேயே எடுக்க வேண்டியது.

ஒன்பதாவது கேள்வி தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு 0 தவிர வேறு பதில் சொன்னவரை அன்றே யாரிடம், அவருக்குத் தெரிந்த எந்த மொழியில் அனுப்புவது என்று எழுதிவைக்காமல் களத்துக்குப் போகக் கூடாது.

கேள்வி: கேள்வித்தாளில் 'தாய்மொழி' என்று ஒரு பத்தி வைத்திருக்கிறோம். போதுமா?

அதை மூன்றாக்குங்கள்: முதலில் பேசக் கற்றது, வீட்டில் இப்போது அதிகம் பேசுவது, சிரமமில்லாமல் வாசிக்க முடிவது. மூன்றும் வேறாக இருப்பவர்கள் நிறைய. விழிப்புணர்வுத் துண்டறிக்கைக்கு மூன்றாவதுதான் கணக்கு. மருத்துவமனைப் பேச்சுக்கு இரண்டாவது. பட்டியல் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லாமல், சொன்னதைச் சொன்னபடி எழுதிப் பிறகு வகைப்படுத்துங்கள். இந்தியாவின் 2011 கணக்கெடுப்பில் மக்கள் சொன்ன பெயர்கள் 19,569. ஒழுங்குபடுத்தியபின் 1,369 தாய்மொழிகள். பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் மொழிகளாகத் தொகுத்தபோது 121. எந்தக் கட்டத்தில் சுருக்குகிறீர்களோ அந்தக் கட்டத்தில் சிலர் காணாமல் போவார்கள். மூலப் பதிவை அழிக்காதீர்கள்.

கேள்வி (தொடக்கப் பள்ளி வாசிப்புத் திட்டம்): ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் என்று அளக்கிறோம். தமிழ்ப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிப்பவர்களைவிடப் பின்தங்கியதாக வருகிறது.

'போகமுடியவில்லை' என்பது தமிழில் ஒரு சொல், ஆங்கிலத்தில் மூன்று நான்கு. ஒட்டி ஒட்டி நீளும் மொழியில் நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற இலக்கு வேறு மொழியிலிருந்து வரக் கூடாது. மொழிகளுக்கு நடுவே வேகத்தை ஒப்பிடவே வேண்டாம். அந்தந்த மொழியில், புரிந்து வாசிக்கும் பிள்ளைகள் எந்த வேகத்தில் வாசிக்கிறார்கள் என்று பார்த்து அங்கங்கே இலக்கை வையுங்கள்.

தொடக்க வகுப்பு வாசிப்பை அளக்கும் ஈக்ரா வகைச் சோதனையில் எழுத்து, பொருளற்ற ஐம்பது சொல், சுமார் அறுபது சொல் கொண்ட ஒரு பத்தி, அதன்மேல் ஐந்து கேள்வி என்று இருக்கும். நேரம் 60 விநாடி. முதல் வரி முழுதும் தவறினால் அந்தப் பகுதியை நிறுத்திவிடுவார்கள். தமிழில் 247 எழுத்தையும் நீட்டாதீர்கள். பாடநூலில் அடிக்கடி வரும் உயிர்மெய்களை எண்ணி அந்த விகிதத்தில் எடுங்கள். 'ஙௌ' தெரியாததால் ஒரு பிள்ளையின் வாசிப்பு கெடுவதில்லை. பத்தியை மொழிபெயர்க்கக் கூடாது, ஒவ்வொரு மொழியிலும் புதிதாக எழுத வேண்டும்.

எதை விட்டாலும் கேட்டுப் புரிந்துகொள்ளும் பகுதியை விடாதீர்கள். நீங்கள் வாசித்துக் காட்டிய கதையே பிள்ளைக்குப் புரியவில்லை என்றால் தடை எழுத்தில் இல்லை, மொழியில். கேட்டால் புரிகிறது, வாசித்தால் புரியவில்லை என்றால் எழுத்துப் பயிற்சி போதவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு. வீட்டு மொழி வேறாக உள்ள பிள்ளைக்கு இரண்டு மொழியிலும் இதை நடத்துங்கள், பத்து நிமிடம்தான் கூடும்.

கேள்வி: தாய்மொழிவழிக் கல்வியின் பலனை அளக்க வேண்டும். எங்கே தவறும்?

நைஜீரியாவில் 1970இல் தொடங்கிய இஃபே திட்டம் ஆறு ஆண்டும் யொரூபா வழியில் கற்பித்தது. கேமரூனில் 2007இல் தொடங்கிய கோம் மொழி ஆய்வு முதல் மூன்று ஆண்டை மட்டும் தாய்மொழிக்குக் கொடுத்து அப்புறம் ஆங்கிலத்துக்கு மாற்றியது. இரண்டையும் 'தாய்மொழிவழி' என்ற ஒரே பெயரில் அடைத்து ஒப்பிடுவது முதல் தவறு. எத்தனை ஆண்டு, எந்தப் பாடம், எப்போது மாற்றம் என்று எழுதுங்கள். ஆசிரியருக்கு அந்த மொழியில் எழுதவும் வாசிக்கவும் வருமா, புத்தகம் வந்து சேர்ந்ததா என்று வகுப்பறையில் போய்ப் பாருங்கள். காகிதத்தில் மட்டும் இருக்கும் மொழிக் கொள்கையை அளந்து 'பலனில்லை' என்று எழுதுவது அநியாயம். மாற்றம் நடந்து இரண்டு ஆண்டாவது பின்தொடர வேண்டும். தேர்வை இரண்டு மொழியிலும் வையுங்கள்.

கேள்வி: மாதிரி எண்ணிக்கை 384 என்கிறார்கள்.

அது ஐம்பது விழுக்காடு இருக்கலாம் என்று எதிர்பார்க்கும் ஒன்றை ஐந்து புள்ளி கூடக் குறையச் சொல்ல, 95 விழுக்காடு நம்பிக்கையில், ஒரு குழுவுக்கு மட்டும். மொழிவாரியாகச் சொல்ல வேண்டுமென்றால் மொழிக்கு 384. வீடு வீடாகக் கொத்துக் கொத்தாக எடுத்தால் வடிவமைப்பு விளைவு, அதாவது அதற்காக எண்ணிக்கையைப் பெருக்க வேண்டிய மடங்கு, 1.5 என்று வைத்து 576. பத்து விழுக்காடு பேர் கிடைக்காமல் போனால் 640. மூன்று மொழிக்கு 1,920. பள்ளிகளில் இன்னும் மோசம்: பள்ளிக்கு 20 பிள்ளை, உள்ளொப்புமை (ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருக்கும் அளவு) 0.2 என்றால் அந்த மடங்கு 1 + 19 × 0.2 = 4.8. இருபது பள்ளியில் எடுத்த 400 பிள்ளைகள் ஏறக்குறைய 83 பேருக்குத்தான் சமம். பிள்ளைகளைக் கூட்டாதீர்கள், பள்ளிகளைக் கூட்டுங்கள். சிறு மொழிக் குழுவை வேண்டுமென்றே கூடுதலாக எடுத்திருந்தால், மொத்தக் கணக்குக்கு எடையிட மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: மருத்துவமனையில் நோயாளியின் மகளே மொழிபெயர்க்கிறாள். பரவாயில்லையா?

சிறுபிள்ளை என்றால் கூடவே கூடாது. பெரியவர் ஆனாலும் கருத்தடை, குடி, அடி உதை பற்றிய கேள்விக்கு உறவுக்காரர் வழியாக உண்மை வராது. அமெரிக்காவில் குழந்தைகளுக்கான அவசரப் பிரிவுகளில் ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்களிடம் நடந்து 2012இல் வெளிவந்த ஆய்வில், பாதிப்பு விளைவிக்கக்கூடிய பிழைகளின் பங்கு பயிற்சி பெற்றவர் பெயர்த்தபோது 12 விழுக்காடு. கிடைத்தவரை வைத்துச் சமாளித்தபோது 22, யாருமே இல்லாதபோது 20. அரைகுறை மொழிபெயர்ப்பாளர் ஆளே இல்லாததைவிட மேல் என்று அந்த எண்கள் சொல்லவில்லை. மருந்துச் சீட்டும் அப்படித்தான். 'ஒரு தடவை' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை ஸ்பானியர் எழுத்துப்படி வாசித்தால் 'பதினொன்று'.

கேள்வி: கையெழுத்துப் போடத் தெரியாதவரிடம் ஒப்புதல்?

அவர் மொழியில் ஒலிப்பதிவு, ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர், கைநாட்டு. முடிவில் 'நடுவில் விலகினால் உங்களுக்குக் கிடைக்கும் சிகிச்சை என்னவாகும்?' என்று கேளுங்கள். தவறாகச் சொன்னால் மறுபடி விளக்கிவிட்டு மறுபடி கேளுங்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவைக் கொண்டு மொழிபெயர்க்கலாமா?

முதல் வரைவுக்கு எடுத்துக்கொள்ளலாம், இரண்டாவது மொழிபெயர்ப்பாளராக வைக்காதீர்கள். அதுவே பெயர்த்ததை அதையே திருப்பச் சொன்னால் தன் தவறைத் தானே மெழுகி அழகாகக் கொடுக்கும். இணையத்தில் எழுத்து குறைந்த மொழிகளில் பக்கத்து மொழிச் சொற்களைக் கலந்துவிடும். அந்த மொழி தெரியாதவர் கண்ணுக்கு அது படாது. பங்கேற்பாளரின் பேச்சை அடையாளத்தோடு அதில் ஒட்டவே கூடாது.

கேள்வி: நேர்காணல் எழுத்துப்படிகளை முதலில் ஆங்கிலமாக்கிவிட்டுப் பகுப்பாய்வு செய்கிறோம்.

வேலையைத் தலைகீழாகச் செய்கிறீர்கள். பேசிய மொழியிலேயே குறியிட்டு, அதாவது எந்தப் பகுதி எதைப் பற்றியது என்று பெயர் குறித்து, குறிகளின் விளக்கத்தை மட்டும் குழுவின் பொது மொழியில் வையுங்கள். கட்டுரையில் எடுத்தாளும் மேற்கோள்களைக் கடைசியில் பெயர்த்தால் போதும். பெயர்க்க முடியாத சொல் வந்தால் அப்படியே விட்டுப் பக்கத்தில் விளக்கம் எழுதுங்கள்.

மூன்று மொழிப் படிகளையும் ஒருவரே குறியிடக் கூடாது. பத்தில் ஒரு பங்கு படிகளையாவது அந்த மொழி தெரிந்த இன்னொருவர் தனியாகக் குறியிட்டு, வேறுபட்ட இடங்களை இருவரும் உட்கார்ந்து பேசட்டும்.