பழைய பிரிண்டர் டிரைவரை நீக்கினால் ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று வருகிறது, புதுப் பிரிண்டரிலும் பிரிண்ட் நிற்கிறது. என்ன செய்வது? (ஜெராக்ஸ் கடை, காட்பாடி)

பிரிண்டரைப் பட்டியலில் இருந்து எடுத்தாலும் அதன் டிரைவர் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) விண்டோஸிலேயே தங்கிவிடும். பிரிண்ட் வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் பிரிண்ட் ஸ்பூலர் சர்வீஸ் அந்த டிரைவர் கோப்புகளைப் பிடித்து வைத்திருப்பதால்தான் நீக்க மறுக்கிறது.

முதலில் யுஎஸ்பி கேபிளைக் கழற்றுங்கள். விண்டோஸின் ‘சர்வீசஸ்’ பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி, சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று போய் உள்ளே இருப்பதை மட்டும் அழியுங்கள், ஃபோல்டர் இருக்கட்டும். சிக்கிய பிரிண்ட்கள் அங்கேதான் கிடக்கும்.

ஸ்பூலரை மறுபடி ஓடவிட்டு, வேர்டு, பிரௌசர் எதையும் திறக்காமல் உடனே செட்டிங்ஸில் பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ், பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸ், டிரைவர்ஸ் போங்கள். ‘ரிமூவ் டிரைவர் அண்ட் டிரைவர் பேக்கேஜ்’ என்பதையே தேர்ந்தெடுங்கள். வெறும் டிரைவரை எடுத்தால் பேக்கேஜ் (அதை மறுபடி நிறுவ விண்டோஸ் வைத்திருக்கும் கோப்புகள்) மிஞ்சி, கேபிள் செருகியதும் பழையதே திரும்ப வரலாம். பிறகு டிவைஸ் மேனேஜரில் ‘ஷோ ஹிட்டன் டிவைசஸ்’ போட்டு, மங்கலாகத் தெரியும் பழைய பிரிண்டரையும் நீக்குங்கள்.

ரீஸ்டார்ட் செய்து, புது டிரைவரைப் போட்டு, அது கேட்கும்போது கேபிளைச் செருகுங்கள். இன்வெர்ட்டர் இல்லாத கடை என்றால் வேலூர் கோடையின் கரண்ட் கட் நேரத்தில் இதைத் தொடாதீர்கள். பாதியில் நின்றால் இன்னும் குப்பை சேரும். ரெஜிஸ்ட்ரி கிளீனர் (விண்டோஸின் அமைப்புப் பதிவுகளைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் மென்பொருள்) இதற்குத் தேவையே இல்லை.