தாத்தா வழியில் வந்த பழைய மர அலமாரி: எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, சுத்தம் செய்து எப்படி விற்பது?

உப்புத்தாளை வாங்கிவிட்டீர்களா? வாங்கியிருந்தால் பிரிக்காமல் அப்படியே வையுங்கள்.

“பர்மா தேக்கு என்று வீட்டில் சொல்வார்கள், பாலிஷ் போட்டு விற்கலாமா” என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த “வீட்டில் சொல்வார்கள்” கண்ணில் பட்டதால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் மர வியாபாரி இல்லை, நிபுணனும் இல்லை. ஒரே ஒரு சாமானை விற்றவன், அதையும் கெடுத்து விற்றவன்.

என் தாத்தா மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்துக்குக் கர்ணம், அதாவது கிராமக் கணக்குப்பிள்ளை. தரையில் சம்மணம் போட்டு எழுதுகிற சாய்வு மேசை ஒன்று வைத்திருந்தார். மூடியைத் தூக்கினால் உள்ளே அடங்கல், சிட்டா என்கிற நிலக் கணக்குகள், கீழே ஒற்றை இழுப்பறை. 1980-ல் கர்ணம் பதவியையே எடுத்துவிட்டார்கள். அப்புறம் அது பாட்டியின் மளிகைச் சீட்டு போடும் பெட்டியாகிவிட்டது. பாகப்பிரிவினையின்போது யாருமே அதைக் கேட்கவில்லை. “நீதான் ஆபீஸ் வேலை பார்க்கிறாய், எடுத்துக்கொள்” என்று என் தலையில் கட்டினார்கள்.

சென்னையில் வாடகை வீடு. வைக்க இடமில்லை. (தாத்தா சாமானை விற்கலாமா என்று பாடம் நடத்த வருபவர்கள், உங்கள் வீட்டில் மூன்றடிக்கு இரண்டடி காலி இடம் இருந்தால் சொல்லுங்கள்.) சரி, பளபளவென்று ஆக்கினால் நல்ல விலை வரும் என்று 80-ம் நம்பர் உப்புத்தாளால் ஒரு ஞாயிறு முழுக்கத் தேய்த்தேன். மூடியில் இருந்த மைக்கறை போனது. கீழ் விளிம்பில், தாத்தாவின் மணிக்கட்டு பட்டுப்பட்டு விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் வழவழவென்று இருக்கும். அதையும் மட்டமாக்கினேன். பித்தளைப் பூட்டுத் தகட்டைப் புளி போட்டு விளக்கினேன். மேலே கடை வார்னிஷ் இரண்டு கோட். புது ஸ்கூல் பெஞ்ச் மாதிரி ஆனது.

அதற்கு அப்புறம்தான், இழுப்பறை இறுக்கிக்கொண்டதால், ஒரு ஆசாரியைக் கூப்பிட்டேன். அறுபது வயதுக்காரர். மேசையின் மேல்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. இழுப்பறையை உருவித் தலைகீழாகத் திருப்பினார். உளியால் அடிச்சட்டத்தில் நகக்கண் அளவுக்குச் சீவினார். சுருள் விழுந்த இடம் மஞ்சள் கிழங்கை வெட்டினாற்போல் இருந்தது.

“தம்பி, இது தேக்கு இல்ல. பலா.”

என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, “வீணை செய்ற மரம், என்ன கேவலம்?” என்றார். உண்மைதான், தஞ்சாவூர் வீணை பலாவில்தான் செய்கிறார்கள். பலாவின் வைரம், அதாவது கெட்டியான நடுமரம், வெட்டும்போது மஞ்சளாக இருந்து, வருஷம் ஆக ஆகக் காப்பி நிறத்துக்குப் போய்விடும். தேக்கைச் சீவினால் எண்ணெய்ப் பசையோடு தோல் மாதிரி ஒரு வாசனை வரும். பர்மாவில் புத்த பிக்குகளின் துவராடைக்குச் சாயம் காய்ச்சியது இந்தப் பலாச் சீவலில் இருந்துதான் என்று பிறகு படித்தேன். பர்மாவோடு எங்கள் மேசைக்கு அவ்வளவுதான் சம்பந்தம்.

வயதையும் அவர்தான் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். மூலைகளில் பல்லோடு பல் கோத்த இணைப்பு ஒவ்வொன்றும் ஒவ்வொரு அகலத்தில் இருந்தது. அது கைவேலை. மெஷினில் வெட்டியிருந்தால் எல்லாப் பல்லும் ஒரே அளவாக இருக்கும். கீலில் மட்டும் கூட்டல்குறித் தலை உள்ள திருகாணி. அந்த வகை 1930-களில்தான் வந்தது, அதனால் கீல் பின்னால் மாற்றியது. இழுப்பறை அடியில் ஒட்டியிருந்த காகிதத்தில் தாத்தாவின் அப்பா கையெழுத்தில் பசலி 1338. பசலி என்பது நிலவரிக் கணக்குக்கான ஆண்டு, அதோடு 590-ஐக் கூட்டினால் 1928. மேசை அன்றைக்கே செய்தது என்று இதற்கு அர்த்தம் இல்லை. பழைய காகிதத்தைப் பின்னாலும் ஒட்டலாம், பழைய மேசையில் புதுக் காகிதத்தையும் ஒட்டலாம். கைவேலையோடு சேர்த்துப் பார்த்தால் ஓரளவு நம்பலாம், அவ்வளவே.

வாங்க முதலில் வந்தவர் வாசலில் நின்றபடியே ஆறாயிரம் என்றார். பிறகு காரைக்குடி போய் முனீஸ்வரன் கோவில் தெருவில் பழஞ்சாமான் கடைகளை ஏறி இறங்கினேன். அங்கே ஒருவர் என் போட்டோவைப் பார்த்து “150 வருஷம் சார், ஃபாரின் பார்ட்டி இருக்கு” என்று ஆரம்பித்தார். நூறு வருஷம் தாண்டிய பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ம் வருஷச் சட்டப்படி வழியில்லை. அதைச் சொன்னதும் வயது எண்பதாகக் குறைந்தது. கடைசியில் வீட்டு உள் அலங்காரம் செய்யும் ஒரு பெண்மணி பதினான்காயிரத்துக்கு எடுத்துக்கொண்டார். பலா என்று நானே சொல்லிவிட்டேன், அவருக்கு அது பிரச்சினையாகவே இல்லை. தேய்ப்பதற்கு முன் எடுத்த போட்டோவைக் காட்டியபோதுதான், “ஐயோ, இந்த மைக்கறையோட குடுத்திருந்தா இருபத்தஞ்சு குடுத்திருப்பேனே” என்றார்.

அந்தப் பதினான்காயிரத்துக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இன்னும் பங்கு கேட்கிறார்கள். ஆறு ஆள் சேர்ந்து தூக்கிய வெண்கல உருளியைப் பெரியம்மா வீட்டுக்குக் கொண்டுபோனது பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. பால் பாயசத்துக்குத் தருகிறேன் என்றார், ஒன்பது பொங்கல் போய்விட்டது. சரி விடுங்கள்.

உங்கள் அலமாரிக்கு வருகிறேன். ஈரத்துணியில் இரண்டு சொட்டு சோப்பு விட்டு நன்றாகப் பிழிந்து துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றுங்கள். மறைவான மூலையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பாருங்கள். பழுப்பாகப் பிசுபிசுத்தால் மேலே இருப்பது அரக்குப் பாலிஷ், அதைச் சுரண்டாதீர்கள். மெல்லிசாகத் தேன்மெழுகு தடவினால் போதும். அடியில் வெளிர் மாவு துடைத்த பிறகும் விழுந்தால் பூச்சி உள்ளே உயிரோடு இருக்கிறது, அதற்கு முதலில் மருந்து அடியுங்கள். பித்தளைக்குப் புளி வேண்டாம்.

முடிந்தால் இழுப்பறையை உருவி, அடிப்பக்கத்தையும் மூலையையும் போட்டோ எடுத்துக் கேள்வியில் சேர்த்துவிடுங்கள். கதவுக் கண்ணாடி படம் வேண்டாம்.