டோனிங் காசு வாங்க நகைக்கடனா?

கேள்வி: எனக்கு வயது 43. கோவையில் தனியார் வேலை, கைக்கு 68,000 ரூபாய் வருகிறது. மகள் பிளஸ் ஒன். பத்து வருடமாக பிரிட்டிஷ் இந்தியா வெள்ளி ரூபாய்கள் சேர்த்து வருகிறேன். இரண்டு வருடமாக டோனிங் (காலப்போக்கில் வெள்ளிமேல் ஏறும் வண்ணப் படலம்) உள்ள காசுகள்மேல் ஆசை வந்துவிட்டது. நான்கு காசுக்கு இதுவரை 2,10,000 ஆகியிருக்கிறது. கடைசியாக எடுத்தது ஸ்லாப்பில் (தரம் போட்டு மூடிய பிளாஸ்டிக் பெட்டியில்) இருக்கும் 1919 ஜார்ஜ் ரூபாய்: ஓரத்தில் நீலம், உள்ளே இளஞ்சிவப்பு, நடுவில் பொன் மஞ்சள். கமிஷன், வரி எல்லாம் சேர்த்து 48,000. இதே கிரேடில் (தரத்தில்) நிறமில்லாத காசு 9,000க்குக் கிடைக்கும். மனைவியின் ஆரத்தையும் வளையல்களையும் வைத்து 1,60,000 எடுத்தேன், 11 சதவீத வட்டி. வருடா வருடம் வட்டி மட்டும் கட்டி மாற்றி வைக்கிறேன். மீதி 50,000 கிரெடிட் கார்டில், மினிமம் கட்டுகிறேன். எதற்காக அடகு வைத்தேன் என்று மனைவிக்குச் சரியாகத் தெரியாது. இது போக மாதம் 6,000 ரூபாய்க்குச் சாதாரணக் காசுகள் வாங்குவேன். அமெரிக்க ஏலத்தில் இது மாதிரிக் காசு 900 டாலருக்குப் போனதாக மனைவியின் தம்பி காட்டினான். அடுத்த மாத ஏலத்தில் 1862 விக்டோரியா டோனிங் காசு ஒன்று வருகிறது, பாதிப் பாதி போட்டு எடுப்போம், "இப்போதைக்கு நீங்க போடுங்க மாமா" என்கிறான். டோனிங்குக்குக் கூடுதல் விலை கொடுப்பது முதலீடாகத் தேறுமா?

பதில்: பத்து வருடமாகக் காசு சேர்க்கிறவருக்கு டோனிங் என்றால் என்ன, கிரேடு என்றால் என்ன என்று நான் பாடம் எடுக்கப் போவதில்லை. உங்கள் ரசனையிலும் எனக்குக் குறை இல்லை. நீங்கள் சொல்லும் 1919 காசு உண்மையிலேயே அழகாகத்தான் இருக்கும். ஆனால் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், என் கண்ணில் பட்டது காசு அல்ல, "வட்டி மட்டும் கட்டி மாற்றி வைக்கிறேன்" என்ற அந்த ஒரு வரிதான்.

கணக்கைத் தோராயமாகப் போடுவோம். நகைக்கடன் வட்டி வருடத்துக்கு 17,600. கார்டு பெரும்பாலும் மாதம் 3.5 சதவீதம், அதாவது 1,750, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 315. ஆக மாதம் 2,065, வருடத்துக்கு 24,800 பக்கம். மினிமம் என்று நீங்கள் 2,500 கட்டினால் அசலில் கழிவது நானூற்றுச் சொச்சம்தான். இரண்டு கடனும் சேர்ந்து வருடம் 42,400 வட்டி. 2,10,000 ரூபாய்க் காசுகளுக்கு இது 20 சதவீதம். அதாவது அந்த நான்கு காசும் வருடா வருடம் 20 சதவீதம் விலை ஏறினால்தான் நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்கிறீர்கள்.

இப்போது 1919 காசை மட்டும் எடுங்கள். 48,000ல் 9,000 காசுக்கு, 39,000 நிறத்துக்கு. உள்ளே இருக்கும் வெள்ளி என்று பார்த்தால் 11.66 கிராம் எடையில் 91.67 சதவீதம், 10.69 கிராம். கிராம் 200 ரூபாய் என்று வைத்தாலும் 2,140தான். அரிய ஆண்டும் இல்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் வெள்ளித் தட்டுப்பாடு வந்தபோது, அமெரிக்கா 1918 பிட்மன் சட்டத்தின்படி 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கியது, அதில் பெரும்பகுதி வெள்ளி இங்கேதான் வந்தது, கோடிக்கணக்கில் ரூபாயாக அடித்துத் தள்ளினார்கள். உங்கள் காசில் இருப்பது பழைய அமெரிக்க மார்கன் டாலரின் வெள்ளியாகவே இருக்கலாம். இந்த டோனிங் மோகத்தைப் பெரிதாக்கியதும் அதே மார்கன் டாலர்தான்: உருக்காமல் மிஞ்சியவை கருவூலத்தில் துணிப்பைகளுக்குள் பல பத்தாண்டுகள் கிடந்து, பையில் ஒட்டிய பக்கம் பிறை பிறையாக நிறம் ஏறி வெளியே வந்தன.

சரி, விற்றால் என்ன ஆகும்? ஏலத்தில் விற்பவரிடம் 10 சதவீதம் பிடிப்பார்கள், வாங்குபவர் கமிஷனும் வரியுமாக 20 சதவீதம் மேலே கொடுப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போட்ட 48,000 மட்டும் கைக்கு வர ஏலம் 53,000ஐத் தாண்ட வேண்டும், அடுத்தவர் பையிலிருந்து 64,000 போக வேண்டும். இரண்டு வருட வட்டியையும் சேர்த்து எடுக்க வேண்டுமானால் அவர் 90,000 பக்கம் கொடுக்க வேண்டும். நீங்களே சொல்கிறீர்கள், 9,000க்குக் கிடைக்கிற காசு. அதை 90,000க்கு எடுக்க ஒருவர் வர வேண்டும், அவருக்குப் போட்டியாக இன்னொருவரும் அதே நாள் அதே ஏலத்தில் கை தூக்க வேண்டும். நிறத்துக்குச் சந்தை விலை என்று ஒன்று கிடையாது. அன்றைக்கு எத்தனை பேருக்கு அது பிடிக்கிறதோ அதுதான் விலை.

மச்சினர் காட்டிய 900 டாலரை மறந்துவிடுங்கள். அந்தக் காசு அங்கே இருக்கிறது, உங்களுடையது இங்கே இருக்கிறது. 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வயது கடந்த நாணயம் தொல்பொருள், தனியார் அதை விற்பதற்கும் சரி, கிரேடிங்குக்கும் சரி, வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1919ம் அதில் வரும், 1862ம் வரும். உங்களுக்கு வாங்குபவர் இந்தியாவுக்குள் மட்டும்தான், அதிலும் டோனிங்குக்குப் பெரிய விலை தருபவர்கள் ஒரு சிறு கூட்டம். இதையெல்லாம் மறைத்து "மாற்று முதலீடு" என்று இப்போது விற்கிறார்களே, அந்தப் பேச்சுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வட்டி தராது, வாடகை தராது, அவசரத்துக்கு விற்க முடியாது, கடன் வாங்கி வைத்தால் மாதா மாதம் தின்னும்.

நிறம் பற்றியும் இரண்டு விஷயம். நம் வீடுகளில் வெள்ளி என்றால் விபூதி போட்டோ புளி போட்டோ தேய்ப்பதுதான் பழக்கம், பழைய ரூபாய்கள் நிறைய அப்படித் தேய்ந்தவை. அதனால் தொடாத தோலோடு இருக்கும் காசுக்கு மதிப்பு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே காரணத்தால், தேய்த்த காசைக் கந்தகப் புகையிலோ சூட்டிலோ வைத்து நிறம் ஏற்றி, தேய்த்த கீறலை மறைக்கிற வேலையும் நடக்கிறது. ஒற்றை விளக்கின் கீழே காசைச் சாய்த்துத் திருப்பிப் பாருங்கள். இயற்கை நிறமென்றால் பளபளப்பு நிறத்துக்கு அடியிலிருந்து சக்கரம் போலச் சுழலும், மஞ்சள் இளஞ்சிவப்பாகி நீலமாவது படிப்படியாக இருக்கும். செயற்கை என்றால் நிறம் மேலே பூசியது போல நிற்கும், மெல்லிய கீறல்களுக்குள் போய்த் தேங்கும். ஸ்லாப்பில் இருப்பதால் கவலையில்லை என்று சொல்லாதீர்கள், ஸ்லாப் காற்றுப் புகாத பெட்டி இல்லை, நிறம் உள்ளேயே இருண்டுகொண்டும் போகலாம். இன்னொன்று, கண்ணுக்கு அழகாக இருந்தால் கிரேடு போடும்போதே அரை, ஒரு புள்ளி கூடிவிடுவது உண்டு. அந்தக் கிரேடுக்கும் ஒரு விலை, நிறத்துக்கு மறுபடி ஒரு விலை என்று ஒரே அழகுக்கு இரண்டு தடவை கொடுத்துவிடுகிறோம்.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேர் பதில்: டோனிங்குக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் செலவு. ஆசைக்குச் செய்யும் செலவு, தப்பில்லை, சம்பளத்தில் மிஞ்சிய பணத்தில் செய்யலாம். திரும்பி வந்தால் லாபம், வராவிட்டாலும் வீடு ஆடாது என்கிற அளவில் செய்யலாம். நகையை வைத்துச் செய்யக் கூடாது.

இனி செய்ய வேண்டியது. சாதாரணக் காசுகள் எவ்வளவு இருக்கின்றன என்று எழுதவில்லை, பத்து வருடச் சேகரிப்பில் தேய்ந்த ஜார்ஜ், எட்வர்ட் ரூபாய்கள் ஒரு 25 ஆவது தேறும் என்று நம்புகிறேன். அவற்றை எடைக்குப் போட்டால் தேய்மானம் போக 260 கிராம் வெள்ளி, கிராம் 200 என்றால் 52,000, வியாபாரி கழிவு போக 47,000 பக்கம் வரும். 1940 முதல் வந்தவற்றை இதில் சேர்க்காதீர்கள், 1945 வரை அவற்றில் பாதிதான் வெள்ளி, 1946, 1947 ரூபாயில் வெள்ளியே இல்லை. எடைக்குப் போடும் முன் ஆண்டுகளைப் பாருங்கள். 1911 ஜார்ஜ் ரூபாய் இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள், அரசரின் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று எதிர்ப்பு வந்து பெரும்பகுதியை உருக்கிவிட்டார்கள், அதற்கு நல்ல விலை உண்டு. 1939 ரூபாயும் அப்படித்தான், வாங்கும் முன் போலியா என்று பார்ப்பார்கள், அவ்வளவு கிராக்கி. வந்த பணத்தோடு, குறைகிற மூவாயிரத்தை அந்த மாதம் காசுக்கு ஒதுக்கும் 6,000லிருந்து போட்டு, கார்டை முழுதாக அடைத்துவிடுங்கள். கார்டுதான் முதலில், அதன் வட்டி நகைக்கடனைப் போல நாலு மடங்கு.

அப்புறம் கார்டுக்குக் கட்டிய 2,500, காசுக்கு ஒதுக்கிய 6,000, வருடக் கடைசியில் எப்படியும் கட்டும் வட்டி மாதக் கணக்கில் ஒரு 1,500, ஆக 10,000 ரூபாயை மாதாமாதம் நகைக்கடனில் கட்டுங்கள். பகுதிப் பணம் கட்டினால் அசலில் வரவு வைப்பார்களா என்று கிளையில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பதினேழு பதினெட்டு மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். மகள் கல்லூரி சேரும்போது கடன் கடைசிக் கட்டத்தில் இருக்கும், அப்போது இன்னொரு கடன் கேட்கும் நிலை வராது. அவசரம் என்றால் நான்கு டோனிங் காசில் உங்களுக்கு மனம் ஒட்டாத இரண்டை ஏலத்துக்குக் கொடுங்கள், நஷ்டம் வந்தாலும் பரவாயில்லை. 1919ஐ வைத்துக்கொள்ளுங்கள், ஈரம் படாத இடத்தில், சிலிகா ஜெல் பொட்டலத்தோடு.

மனைவியிடம் சொல்லிவிடுங்கள். அவர் நகை அது, எதற்குப் போனது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு இருக்கிறது. தெரிந்துவிட்டால் "நீங்க போடுங்க மாமா" என்று தம்பி கேட்கும்போது பதில் சொல்லும் பொறுப்பும் உங்கள் ஒருவர் தலையில் இருக்காது. பாதிப் பாதி என்று சொல்கிறவர் தன் பாதியை முதலில் கையில் வைக்கட்டும், அப்போதும் நகைக்கடன் அடையும் வரை உங்கள் பாதி கிடையாது. 1862க்கு ஏலத்தில் முன்கூட்டியே விலை எழுதிக் கொடுத்திருந்தால் ஏலம் தொடங்கும் முன் அதை ரத்து செய்யச் சொல்லி இன்றைக்கே எழுதுங்கள், அந்த நேரம் தாண்டினால் பின்வாங்க விடமாட்டார்கள்.