கன்றைக் கொடுத்தால் பாலும் கூடவே போய்விடும்

கோல சிலாங்கூர் வட்டாரத்தில், பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டில் ஒரே பசு. மூன்றாம் ஈத்து, காளைக்கன்று போட்டு மூன்று வாரம் ஆகிறது. மாமியார் கறந்தவரை எல்லாம் சரியாக இருந்ததாம். அவருக்கு உடம்பு முடியாமல் போனதால் இப்போது மருமகள் கறக்கிறார், கன்றைத் தூரத்தில் கட்டிவிட்டு. தினம் ஆறேழு லிட்டர் கொடுக்க வேண்டிய மாடு இரண்டரை லிட்டரோடு நிற்கிறது. வருகிற பாலும் தண்ணீராக இருக்கிறது, வாங்குகிறவர்கள் “தண்ணி கலக்குறீங்களா?” என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்கள். மாட்டுத் தரகர் ஒருவர், “காளைக்கன்று வீண், பாலைக் குடித்தே தீர்த்துவிடும், என்னிடம் கொடுங்கள், மாட்டுக்கு ஓர் ஊசி போட்டால் பால் இறங்கும்” என்கிறாராம். கொடுக்கலாமா என்பது அவர் கேள்வி.

அம்மா, கன்றைக் கொடுக்காதீர்கள். ஊசியும் போடாதீர்கள். மாடு நன்றாகத் தின்கிறது, மடியில் சூடு இல்லை, வீக்கம் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இது நோய் இல்லை. மாடு பாலை எக்கிக்கொள்கிறது, அதாவது இறங்கவிடாமல் உள்ளேயே அடக்கிக்கொள்கிறது.

மடியை ஒரு பஞ்சு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். காம்புக்கு மேலே இருக்கும் சின்ன அறையில் கொஞ்சம் பால்தான் நிற்கும். மற்றதெல்லாம் உள்ளே ஊறிக் கிடக்கும். கன்று முட்டி ஊட்டும்போது ஆக்சிடோசின் என்ற சுரப்பு மாட்டின் மூளையிலிருந்து இரத்தத்தில் கலந்து, ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் மடிக்கு வந்து, ஊறிக் கிடக்கும் பாலைக் கீழே தள்ளும். அதன் வேகம் ஐந்தாறு நிமிடம்தான் நிற்கும். மாடு பயந்தாலோ, அடி வாங்கினாலோ, பழக்கமில்லாத கை காம்பைத் தொட்டாலோ இந்தச் சுரப்பு தடைபட்டுப் போகும். உங்கள் வீட்டில் கையும் மாறிவிட்டது, கன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. மாடு எப்படிச் சுரப்பு விடும்?

பால் தண்ணீராக இருப்பதற்கும் இதுதான் காரணம். முதலில் வரும் பாலில் கொழுப்பு மிகக் குறைவு. கடைசியாக வரும் பாலில்தான் ஆடை கட்டுகிற கொழுப்பெல்லாம் இருக்கிறது. நீங்கள் முன்பாலை மட்டும் கறந்து விற்கிறீர்கள். கொழுத்த பாலை மாடு உள்ளேயே வைத்துக்கொள்கிறது. உங்கள் மீது ஒரு தப்பும் இல்லை. வாங்குகிறவர்களிடம் இதை அப்படியே சொல்லுங்கள்.

நம் தோட்டங்களில் வளர்கிற மாடுகள் பெரும்பாலும் நம் முன்னோர் கப்பலேறிய காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த மாடுகளின் வழி வந்தவை. அல்லது மாஃப்ரிவால், அதாவது சாஹிவாலும் ஃபிரீஷியனும் கலந்தது. இரண்டிலும் திமில் மாட்டு இரத்தம் ஓடுகிறது. திமில் மாடு கன்றைப் பார்த்தால்தான் சுரப்பு விடும். வெளிநாட்டுப் பண்ணையில் பிறந்த அன்றே கன்றைப் பிரித்துவிட்டு மெஷினில் கறக்கிறார்களே என்று யாராவது உங்களிடம் வாதாடினால், அது வேறு மாடு என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள்.

இனி இப்படிச் செய்யுங்கள். பகல் முழுக்கக் கன்று தாயோடு இருக்கட்டும். சாயங்காலம் ஏழு, எட்டு மணிக்குக் கன்றைப் பிரித்துக் கட்டுங்கள். தூரத்தில் வேண்டாம், ஒரு தடுப்புக்கு அந்தப் பக்கம், தாய் பார்க்கிற மாதிரி, முகர்கிற மாதிரி. காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் மடியைக் கழுவித் துடைத்துவிட்டு, ஒவ்வொரு காம்பிலும் மூன்று நான்கு பீச்சு ஒரு கறுப்புத் தட்டில் பீச்சிப் பாருங்கள். திரிதிரியாகவோ, தயிர் உடைந்த மாதிரியோ தெரிந்தால் மடிநோய். அந்தப் பாலைக் கறந்து கொட்டிவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். சுத்தமாக இருந்தால் கன்றை அவிழ்த்து விடுங்கள். நான்கு காம்பையும் மாற்றி மாற்றி ஒரு நிமிடம் ஊட்டட்டும். அதன் வாயோரம் நுரை தள்ளும், காம்பு விறைத்து நிற்கும், மாடு காதைத் தளர்த்திவிட்டு அசைபோடத் தொடங்கும். சுரப்பு விட்டுவிட்டது என்று அர்த்தம். உடனே கன்றைத் தாயின் தலைப் பக்கம் கட்டுங்கள், தாய் நக்கிக்கொண்டே நிற்கட்டும். நீங்கள் உட்கார்ந்து ஐந்தாறு நிமிடத்தில் மூன்று காம்பைக் கறந்துவிட்டு எழுந்துவிடுங்கள். நான்காவது காம்பு கன்றுக்கு. முதல் சில நாள் மாமியார் நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து மாட்டிடம் பேசிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது. அவர் குரல் மாட்டுக்குத் தெரியும்.

ஒரு நாளைக்கு இந்த ஒரு கறவைதான். 30, 35 கிலோ கன்றுக்குத் தினமும் மூன்று, மூன்றரை லிட்டர் பால் வேண்டும். ஏழு லிட்டர் மாட்டில் உங்களுக்கு மிஞ்சுவதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். வீட்டுக்கு ஒரு லிட்டர் போக மிச்சத்தை விற்கலாம். இதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். வீட்டுக்கு எடுப்பதைக் காய்ச்சியே குடியுங்கள்; பச்சைப் பாலில் வரும் காய்ச்சல் மாதக்கணக்கில் ஆளை முடக்கிப்போடும்.

ஒரு நாளைக்கு ஒரே கறவை என்பதில் ஒரு விலக்கு இருக்கிறது. அதைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில்தான் நல்ல நல்ல மாடுகள் கெட்டுப்போவதைப் பார்த்திருக்கிறேன். “கன்று ஊட்டுகிற மடிக்கு நோய் வராது” என்று நம் ஆட்கள் சொல்வார்கள். ஆறேழு லிட்டர் மாட்டுக்கு அது சரி. கன்று மிச்சம் மீதி வைக்காமல் உறிஞ்சிவிடும். ஆனால் ஃபிரீஷியன் இரத்தம் அதிகமாக ஏறிய மாடு பத்து, பன்னிரண்டு லிட்டர் கொடுக்கும். அதனிடம் மூன்று வாரக் கன்றை விட்டுவிட்டு நீங்கள் வேலைக்குப் போய்விட்டால், கன்று தனக்குப் பிடித்த இரண்டு காம்பிலேயே குடிக்கும். மற்ற இரண்டில் பால் தேங்கும். தேங்கிய பாலில் கிருமி சேரும், அந்தப் பக்கம் கல்லாகும், அப்புறம் அந்தக் காம்பு அந்த ஈத்துக்குப் போனது போனதுதான். கன்றும் அளவுக்கு மீறிக் குடித்துக் கழிச்சல் எடுக்கும். அந்த மாதிரி மாட்டைச் சாயங்காலமும் கறக்க வேண்டும். கன்று ஊட்டி முடித்ததும் நான்கு பக்கமும் கையால் அழுத்திப் பாருங்கள். காலியான பக்கம் துவண்ட தோல் மாதிரி இருக்கும், தேங்கிய பக்கம் பழுக்காத மாங்காய் மாதிரி கெட்டியாக இருக்கும். கெட்டியாக இருப்பதை உடனே கறந்து காலி செய்யுங்கள். உங்கள் மாடு ஏழு லிட்டர்தான் என்கிறீர்கள். இருந்தாலும் முதல் ஒரு வாரம் இப்படித் தொட்டுப் பாருங்கள்.

இப்போது அந்தத் தரகர். இந்த வேலையை நான் பல தோட்டங்களில் பார்த்துவிட்டேன், ஒரே வரிசையில்தான் நடக்கும். முதலில் காளைக்கன்று வீண் என்று சொல்லி அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போவார்கள். கன்று போன ஒரு வாரத்தில் மாடு பாலை அடக்கிவிடும். அப்போது ஊசியோடு வருவார்கள். அந்த ஊசி வேறொன்றுமில்லை, கன்று முட்டும்போது தானாக ஊறும் அதே ஆக்சிடோசின். பிரசவச் சிக்கலில் மருத்துவர் கையில் அது நல்ல மருந்து. தினமும் கறவைக்குப் போட்டால் மாடு ஊசிக்குப் பழகிவிடும். ஊசி இல்லாமல் பால் சரியாக இறங்காது. ஒரே ஊசியை வீடு வீடாகக் குத்திக்கொண்டு போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பிறகு மாடு மெலியும், வற்றும். கடைசியில் அதே ஆள் லோரியோடு வந்து வற்றிய மாட்டையும் இறைச்சி விலைக்கு ஏற்றிக்கொண்டு போவார். நான் கால்நடை உதவியாளராக இருந்த காலத்தில், லயத்து வீட்டில் ஒரு பாட்டி ஊசிக்குப் பழகிய தன் மாட்டின் மடியைத் தடவிக்கொண்டே, “தம்பி, இது என்னை மறந்திருச்சு” என்று சொன்னார். இன்றைக்கும் அது என் காதில் இருக்கிறது.

காளைக்கன்று வீண் என்பதும் பொய். ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானிக்கு இரண்டு வயது நிறைந்த மாடு வேண்டும். ஊனமில்லாத, திடமான காளைக்கு நம் நாட்டில் எப்போதும் ஆள் இருக்கிறது. மூன்று வாரக் கன்றுக்குத் தரகர் நீட்டும் வெள்ளியை, இரண்டு வருடம் கழித்து அதே கன்றுக்குக் கிடைக்கும் வெள்ளியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் ஏன் அவசரப்படுகிறார் என்று புரியும்.

தைப்பூசம் நெருங்கும்போது பால்குடத்துக்காகப் பால் தேடுவார்கள். அந்த நேரத்தில் “கன்றோடு கறவை மாடு” என்று இன்னொன்றை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். வாங்கத் தோன்றினால், முதல் நாள் சாயங்காலமும் மறுநாள் காலையும் கன்றை விட்டு உங்கள் கண்முன்னே கறக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் முழுக்கக் கறக்காமல் மடியைக் கட்டிவைத்துவிட்டுப் பெரிய மடி என்று காட்டுவார்கள். வேறு மாட்டின் கன்றைப் பக்கத்தில் கட்டியிருப்பார்கள். தாய் அதை நக்குகிறதா, உதைக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். மாட்டை ஊர் மாற்றப் பெர்மிட் வேண்டும். அது இல்லாமல் ராத்திரியில் இறக்கிவிடுகிற மாட்டோடு கோமாரியும் இறங்கும். 2021-இல் மலேசியாவுக்குள் வந்த தோல் கழலை நோயும் மாடு இடம் மாறும்போது கூடவே போகிற நோய்தான்.

ஆனால் பெர்மிட் எடுங்கள் என்று சொல்லும்போது எனக்கே கஷ்டமாக இருக்கிறது. ஒரு மாடு வைத்திருக்கும் குடும்பம், நூறு மாடு வைத்திருக்கும் பண்ணை நிரப்புகிற அதே பாரங்களை நிரப்ப வேண்டும். அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போனால், அதிகாரி வெளியே போயிருக்கிறார் என்பார்கள். தரகர் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறார். உதவி செய்ய வேண்டியவர்கள் வருவதில்லை. காளை இல்லாமல் மாட்டைச் சினைப்படுத்தப் போடும் சினை ஊசியும் இப்படித்தான். மாடு பருவத்தில் நின்று கொடுப்பது அரை நாள், அதிகம் போனால் முக்கால் நாள். காலையில் கத்தினால் சாயங்காலம் ஊசி போட வேண்டும். ஆள் மூன்றாம் நாள் வந்தால் என்ன பயன்? இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இருந்தாலும் நீங்கள் செய்ய வேண்டியது இது: கன்று போட்ட 60 நாளுக்குப் பிறகு பருவம் வருகிற தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஏறக்குறைய 21 நாளில் அடுத்தது வரும். அதற்கு இரண்டு நாள் முன்பே சினை ஊசி போடுகிறவருக்குப் போன் செய்து சொல்லி வையுங்கள். நாள் முழுக்கக் கன்று ஊட்டினால் பருவம் தள்ளிப்போகும் என்பதால், இரண்டு மாதத்துக்குப் பிறகு கன்றைக் காலையும் மாலையும் மட்டும் விடுங்கள்.

உங்கள் கன்றுக்கு மூன்று வாரம் என்பதால் இன்னொன்று அவசரம். தாய்ப்பால் வழியாகவே கன்றின் வயிற்றில் ஒரு பெரிய உருண்டைப் புழு இறங்கும். சாணம் களிமண் நிறத்தில் இளகி வரும், மூச்சில் கெட்டுப்போன வெண்ணெய் நாற்றம் அடிக்கும், எவ்வளவு குடித்தாலும் கன்று தேறாது. பத்து நாளுக்கு மேல், பதினாறு நாளுக்குள் மருந்து கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லையென்றால் இந்த வாரமே கொடுங்கள். பைரன்டெல் என்று பெயர் சொல்லி, கன்றின் எடையையும் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

தாய்க்குத் தீனி குறைந்தால் மேலே சொன்னது எதுவும் பலிக்காது. தினம் 40 கிலோ பச்சைப் புல், நேப்பியர் கிடைத்தால் நல்லது, இரண்டு லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ கணக்கில் அடர்தீனி, எந்நேரமும் தண்ணீர், நக்க ஒரு தாது உப்புக் கட்டி. நம் பக்கம் மலிவாகக் கிடைப்பது செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு, பி.கே.சி. என்பார்களே, அதுதான். மாட்டுக்கு நல்லது, பூஞ்சை பிடித்ததை மட்டும் வாங்காதீர்கள். வீட்டில் செம்மறி ஆடு இருந்தால் அதற்கு வைக்காதீர்கள். அதிலுள்ள செம்பு செம்மறியின் ஈரலைக் கெடுக்கும். செம்பனைக் காட்டில் புல் அறுக்கிறவராக இருந்தால், மருந்து அடிக்கிற வேலையைக் கவனிக்கும் தண்டலிடம் எந்த நிரையில் எப்போது அடித்தார்கள் என்று கேட்டுவிட்டு அறுங்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 முதல் தடை என்றாலும் மற்றக் களைக்கொல்லிகளை அடிப்பது நிற்கவில்லை.

கன்று மூன்று, நான்கு மாதத்தில் தினம் ஒரு கிலோ தீனியைத் தவறாமல் தின்கிற நிலைக்கு வந்ததும் பாலை மெல்ல மறக்கடிக்கலாம். அதற்குப் பிறகும் கறக்கும்போது கன்று தாயின் தலைப் பக்கம் நிற்கட்டும். நாளைக் காலையிலிருந்து தொடங்குங்கள். நான்கைந்து நாளில் பால் ஏற வேண்டும். ஏறவில்லையென்றால், கறுப்புத் தட்டில் பீச்சிய முதல் பாலையும், கன்று ஊட்டிய பிறகு மடியையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.