மகளிர் கிரிக்கெட் உலகக் கோப்பையை இந்தியா ஜெயித்ததற்கு இவ்வளவு கொண்டாட்டம் தேவையா?

பந்து எடை குறைவு, பவுண்டரி கிட்டத்தில் இருக்கிறது, அப்புறம் எதற்கு ஆண்கள் ஜெயித்த மாதிரி இப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் கிரிக்கெட் ஆடுகிற பெண் பிள்ளை இல்லை என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், அதனால்தான் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

பந்து எடை குறைவுதான், பவுண்டரியும் கிட்டத்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆடுகிற இரண்டு அணிக்கும் அதே பந்து, அதே பவுண்டரிதானே? அரையிறுதியில் ஆஸ்திரேலியா 338 அடித்த மைதானத்தில்தான் நம்மவர்கள் 9 பந்து மிச்சம் வைத்து அதைத் தாண்டினார்கள். 2017 அரையிறுதியில் ஹர்மன்பிரீத் கவுர் 171 அடித்து வெளியே அனுப்பியதற்கு அப்புறம் உலகக் கோப்பையில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காத ஆஸ்திரேலியா அது. 127 அடித்துக் கடைசி வரை நின்ற ஜெமிமா ரோட்ரிக்ஸை அதே தொடரில் இங்கிலாந்து ஆட்டத்துக்கு எடுக்கவே இல்லை. அரையிறுதியில் மூன்றாவதாக இறங்கப் போகிறோம் என்பதே ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தான் தெரியும் என்று அவரே சொன்னார். இதையெல்லாம் பவுண்டரி அளவை வைத்து எப்படி அளப்பீர்கள்?

பெண்கள் உலகக் கோப்பை தொடங்கியது 1973-ல், ஆண்களுக்கு வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே. நாம் 2005-லும் இறுதிவரை போய்த் தோற்றோம், 2017 இறுதி ஆட்டத்தில், இங்கிலாந்தின் லார்ட்ஸ் மைதானத்தில் 191-க்கு 3 விக்கெட் என்று இருந்துவிட்டு 219-க்கு ஆல் அவுட் ஆகி 9 ரன்னில் தோற்றோம். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனைக்கும் பிறகு வந்த கோப்பைங்க இது.

நான் பல்லடம் பக்கம், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். 2025 நவம்பர் 2 ஞாயிற்றுக்கிழமை, நவி மும்பையில் மழை, மூன்று மணிக்குத் தொடங்க வேண்டிய இறுதி ஆட்டம் ஐந்து மணிக்குத்தான் ஆரம்பித்தது. மறுநாள் வேலை இருந்தும் வீட்டில் யாரும் படுக்கவில்லை. எங்கப்பா நாற்பது வருஷம் தறி ஓட்டியவர், காது மந்தம், கயிற்றுக் கட்டிலை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். தென்னாப்பிரிக்க கேப்டன் லாரா வோல்வார்ட் சதம் அடித்து நிற்கிற வரைக்கும் எங்களுக்கு உயிரே இல்லை. தீப்தி சர்மா பந்தை அவர் தூக்கி அடிக்க, அமன்ஜோத் கவுர் கையில் விழுந்து, எகிறி, மறுபடி எகிறி, கடைசியில் ஒற்றைக் கையில் நின்றது. கட்டிலை விட்டு எழுந்தே விட்டார் அப்பா. "புடிச்சுப்போட்டா பாரு அம்மிணி!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது. தீப்திக்கு அன்றைக்கு 5 விக்கெட், அதற்கு முன்னால் பேட்டிங்கில் 58 ரன். 52 ரன்னில் ஜெயித்தோம்.

என் மகள் ஏழாவது படிக்கிறாள், தீப்தி மாதிரியே ஆஃப் ஸ்பின். கார்க் பாலைத் திருகித் திருகி ஆள்காட்டி விரல் ஓரத்தில் தோல் உரிந்து கிடக்கும், ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவி விடுவேன், காலையில் மறுபடி பந்தோடு நிற்பாள். "வெயில்ல கறுத்துப் போயிருவா, நாளைக்கு யாருங்க கட்டுவாங்க" என்று சொந்தத்தில் சொல்லாத ஆள் இல்லை. ஒரு பயிற்சி மையத்துக்குக் கூட்டிப் போனேன். அவள் பந்து போடுவதை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பொண்ணுங்களுக்குத் தனி பேட்ச் இல்லைங்க, பத்துப் பேர் சேர்ந்தா சொல்லுங்க" என்றார்கள். பத்துப் பேரை நான் எங்கே போய்ச் சேர்ப்பது?

போய்வருவதும் லேசு இல்லை. டவுன் பஸ் பெண்களுக்கு இலவசம் ஆனதிலிருந்து, ஸ்டாப்பில் பொம்பளைகள் மட்டும் நின்றால் சில பஸ்கள் தள்ளிப் போய் நிற்கின்றன, சில நிற்பதே இல்லை. கிட் பையைத் தூக்கிக்கொண்டு பிள்ளை பின்னால் ஓடுகிறாள். ஏறினால் ஓசி டிக்கெட் என்று முணுமுணுப்பு வேறு. நாங்கள் வாங்குகிற ஒவ்வொரு சாமானிலும் வரி கட்டுகிறோம், ஓசி எப்படி ஆகும்? எல்லா டிரைவரையும் சொல்லவில்லை, காத்திருந்து ஏற்றிப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆண்கள் கிரிக்கெட் மேல் எனக்குப் பொறாமை என்று கமெண்டில் கிளம்பி விடாதீர்கள். சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் 2020-ல் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்கு இறங்கியபோது எங்கள் தெருவே பட்டாசு வெடித்தது, வாங்கி வந்ததே நான்தான். நம் பக்கத்துப் பையன் என்று அப்போது கொண்டாடிய நீங்கள், இந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் அளவுகோலை எடுப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆகவே தேவைதான், இன்னும் சத்தமாகவே கொண்டாடலாம்.

இப்போதைக்கு பள்ளிக்கூட மைதானத்தில் பையன்களோடுதான் ஆடுகிறாள். பல்லடம், சூலூர், சோமனூர் பக்கம் பெண் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிற பயிற்சி மையம் யாருக்காவது தெரிந்தால் கீழே எழுதுங்க, பஸ் ரூட்டோடு.