வாசகர் கேள்வி பதில்: பிள்ளையின் வயிற்றுவலியும் ஆற்று மீனும்

கேள்வி: என் 6 வயது மகன் தொப்புளைச் சுற்றி வலி என்றான். குடலேற்றம் என்று எண்ணெய் தடவி நீவிவிட்டோம். மறுநாள் குடல்வால் அழற்சி (அப்பெண்டிசைடிஸ்) என்று அறுவை சிகிச்சை செய்தார்கள். சாதாரண வயிற்றுவலியிலிருந்து இதை எப்படிப் பிரித்தறிவது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்பதைக் கவனியுங்கள். குடல்வால் அழற்சியில் பெரும்பாலும் தொப்புளைச் சுற்றி மந்தமான வலிதான் முதலில். சாப்பாட்டைக் கண்டாலே பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பிறகு வாந்தி. 12 முதல் 24 மணி நேரத்துக்குள் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கி அங்கேயே நிலைத்துவிடும். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும். வாந்தி முந்தி, வலி பிந்தி, கூடவே தண்ணீராகப் போனால் பெரும்பாலும் குடல் தொற்றுதான். ஆனால் குடல்வால் இடுப்புக்குழிக்குள் தொங்கும் பிள்ளைகளுக்கு அதன் உறுத்தலாலேயே சிறிது சிறிதாகப் பேதியாகும். ஃபுட் பாய்சன் என்று வீட்டுக்கு அனுப்பப்படுவது இவர்கள்தான்.

பிள்ளையை ஒரு குதி குதிக்கச் சொல்லுங்கள், இருமச் சொல்லுங்கள். வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதியில் நிறுத்தினால் வயிற்றின் உள்சவ்வு வரை அழற்சி பரவியிருக்கலாம். குனிந்தபடி நடப்பது, ஆட்டோ வேகத்தடையில் ஏறி இறங்கும்போது அலறுவது இரண்டுக்கும் அதே பொருள்.

5 வயதுக்குக் கீழே இந்த வரிசையை நம்பவே கூடாது. வலிக்கும் இடத்தைச் சொல்லத் தெரியாது. நோய் தெரியவரும்போது பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் குடல்வால் வெடித்தே இருக்கும். வெடித்ததும் சில மணி நேரம் வலி குறைவதும் உண்டு. சரியாகிவிட்டது என்று அப்போது படுக்க வைத்துவிடாதீர்கள்.

மருத்துவர்கள் 10 மதிப்பெண் கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். வலது அடிவயிற்றை அழுத்தினால் வலித்தால் 2, குதித்தாலோ இருமினாலோ வலித்தால் 2. பசியின்மை, வாந்தி, வலி இடம் மாறியது, காய்ச்சல், ரத்த வெள்ளணு 10,000-க்கு மேல், அதில் நியூட்ரோஃபில் என்ற வகை 7,500-க்கு மேல் என ஒவ்வொன்றுக்கும் 1. மொத்தம் 3 வரை என்றால் வாய்ப்பு குறைவு, 4 முதல் 6 என்றால் ஸ்கேன், 7-ம் அதற்கு மேலும் என்றால் அறுவை மருத்துவர். ஸ்கேனில் 6 மில்லிமீட்டருக்கு மேல் தடித்து, அழுத்தினாலும் அமுங்காத குடல்வால்தான் அடையாளம். 'குடல்வால் தெரியவில்லை' என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தால் நோய் இல்லை என்று பொருளில்லை. வலி தொடர்ந்தால் சில மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். பையன்களுக்கு விதைப்பையையும் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். விதை முறுக்கிக்கொண்டாலும் அடிவயிறுதான் வலிக்கும். அதற்குக் கிடைக்கும் அவகாசம் சுமார் 6 மணி நேரம்தான்.

வயிற்றை நீவுவது, தொக்கம் எடுப்பது, விளக்கெண்ணெய், எனிமா எதுவும் வேண்டாம். பாராசிட்டமால் கொடுத்தால் நோய் மறைந்துவிடும் என்ற பயமும் வேண்டாம். கிலோவுக்கு 15 மி.கி. கணக்கில் கொடுத்து, கொடுத்த நேரத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: சாயக்கழிவு சுமந்து வரும் நொய்யல் ஆறு கலந்த பிறகு காவிரியில் பிடிக்கும் மீன் எங்கள் சந்தைக்கு வருகிறது. மஞ்சள், புளி போட்டு அலசினால் பாதரசம், காரீயம் போன்ற கன உலோகங்கள் போய்விடுமா?
– வாசகர், கரூர்

பதில்: போகாது. மஞ்சளும் புளியும் கவிச்சியைத்தான் எடுக்கும். ஆற்றடிச் சேற்றிலுள்ள பாக்டீரியா பாதரசத்தை மீத்தைல் பாதரசமாக மாற்றுகிறது. அது மீனின் சதைப் புரதத்தோடு பிணைந்துவிடும். பொரித்தால் நீர் வற்றி, கிராமுக்கு இவ்வளவு என்ற கணக்கு கூடத்தான் செய்யும். ஜப்பானில் அகானோ ஆற்று மீனை உண்ட மக்களுக்கு நரம்பு நோய் வந்தது 1965-ல் வெளிப்பட்டது இதனால்தான்.

காரீயமும் காட்மியமும் வேறு மாதிரி. அவை செவுள், கல்லீரல், சிறுநீரகம், எலும்பில் அதிகம் தங்கும். சாய, தோல் கழிவுகளில் வரும் குரோமியமும் சதையில் குறைவுதான். எனவே செவுளையும் குடலையும் முழுதாக எடுங்கள். முதுகெலும்பை ஒட்டியிருக்கும் கருஞ்சிவப்புப் பட்டைதான் சிறுநீரகம், அதையும் சுரண்டிவிடுங்கள். தலையைக் குழம்பில் போட வேண்டாம். அயிரையைப் பாலில் விட்டால் மண்ணைக் கக்கும், உடம்பில் ஏறிய உலோகத்தைக் கக்காது.

பிற மீனைத் தின்று வளரும் பெரிய வாளை, விரால், விலாங்கில்தான் பாதரசம் அதிகம் சேரும். கிலோவுக்கு 0.5 மி.கி. பாதரசம் உள்ள மீன் என்று வையுங்கள். உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம் மீத்தைல் பாதரசம் என்பது உலக அளவில் ஏற்ற வரம்பு. 15 கிலோ குழந்தைக்கு 24 மைக்ரோகிராம். 48 கிராம் மீனிலேயே அது முடிந்துவிடும். கர்ப்பிணிகளும் சிறுவரும் அந்த மூன்றையும் தவிர்க்கட்டும். மீனையே நிறுத்த வேண்டியதில்லை. மத்தி, நெத்திலி நல்ல மாற்று.

ஆய்வகத்தில் சோதிப்பதானால் ஒரே வகையில் ஐந்தாறு மீனின் சதையைச் சேர்த்துக் கொடுங்கள். ரிப்போர்ட் ஈர எடையிலா, உலர் எடையிலா என்று கேளுங்கள். மீனில் முக்கால் பங்குக்கு மேல் நீர். உலர் எடைக் கணக்கு நாலைந்து மடங்கு பெரிதாகத் தெரியும்.

கேள்வி: கொய்யா விதையால் குடல்வால் அழற்சி வருமா? மீனிலுள்ள உலோகத்தால்?
– வாசகர், நாமக்கல்

பதில்: விதையால் வருவது மிக அரிது. இறுகிய மலத்துணுக்கு அடைப்பதும், தொற்றுக்குப் பின் நிணநீர்த் திசு வீங்குவதும்தான் வழக்கமான காரணங்கள். மீன் உலோகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் காரீய நஞ்சு ஏறிய குழந்தைக்கும் வயிறு முறுக்கி வலிக்கும், மலம் கட்டும், ரத்தம் குறையும். பழைய பேட்டரி உடைக்கும் இடத்துக்கு அருகில் வீடு இருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லி, ரத்தத்தில் காரீய அளவைச் சோதிக்கக் கேளுங்கள்.